பிழை நாடிய பெரியார் ஹென்றி வாட்ஸன் பௌலர்

ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத நேர்ந்தால் நம் மாணவர் பலருக்குக் கை நடுங்குகின்றது. 'ஷல்' வரவேண்டிய இடத்தில் 'வில்' வந்துவிட்டதோ, 'விச்' என்பதா 'தட்' என்பதா, 'டிஃபரண்ட்' என்னும் சொல்லை அடுத்து 'ஃப்ரம்' வருமா 'டு' வருமா என்று ஐயுற்று ஐயுற்று, எழுத எண்ணிய பொருளையே மறந்துவிடுவாரும் உளர். இவ்வச்சம் அயல்மொழி பயிலும் நமக்கே உரியதென்றும், ஆங்கிலேயராய்ப் பிறந்தார்க்கு இவையெல்லாம் தாய்ப்பாலோடு வந்தமைவன என்றும் நம்மிற் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை ஆங்கிலேயர் ஒருவரே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு மெய்ப்பித்தனர். அவர் பிழை தேடிய இடம் மாணவர்தம் பயிற்சி ஏடுகள் அல்ல. இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் பத்திகளும், தாக்கரே, மெரிடித் முதலிய புகழ்பெற்ற நாவலாசிரியர்தம் நூல்களுமே ஆம். அவர்தாம் ஹென்றி வாட்ஸன் பௌலர். ஆங்கில வகுப்பில் 'பௌலரைப் பார்' என்று ஆசிரியர் கூறக் கேட்டிருப்போர் பலர். அப்பௌலர் யார் என்று கேட்டறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருக்கி ஈண்டு எழுதலுற்றேன்.

பௌலர் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்ட் மாநிலத்தைச் சார்ந்த டன்பிரிட்ஜ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இராபர்ட் பௌலர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்று, குருத்துவமும் ஆசிரியத் தொழிலும் ஒருங்கே பூண்டவர். மக்கள் எண்மருள் ஹென்றியே மூத்தவர். 1871-இல் ரக்பி பள்ளியிற் சேர்ந்து இலத்தீனும் கிரேக்கமும் நன்கு பயின்றார். பின்னர் 1877-இல் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரி புகுந்தார். அங்கிருந்த காலத்திலேயே, 1879-இல், தந்தையார் இறந்தனர். இருபத்தோர் அகவையில் பெரிய குடும்பத்தின் மூத்தார் என்னும் பொறுப்பு இவர்மேல் வந்தமைந்தது.

ஆக்ஸ்போர்டில் இவர் பெற்ற வெற்றி நடுத்தரமானதே. இருமுறையும் இரண்டாம் வகுப்பிலேயே தேறினார். அன்றியும், அக்காலத்தில் பட்டம் பெறுவார் யாவரும் சமயநூல் தேர்வொன்றிலும் தேறவேண்டும் என்னும் விதி இருந்தது. பௌலர் அதில் தவறினார். அதனால் 1881-இல் கல்லூரியை விட்டு நீங்கியும், 1886 வரை பட்டம் கைக்கு வரவில்லை. எனினும் கல்லூரித் தலைவராகிய ஜோவெட் இவர் ஆசிரியத் தொழிலுக்கு இயல்பாகவே தக்கவர் என்று நற்சான்று நல்கினார். அதன் துணைகொண்டு எடின்பரோ நகரின் ஃபெட்டிஸ் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1882-இல் இங்கிலாந்தின் வடபால் மலைகள் சூழ்ந்த செட்பர் என்னும் ஊரின் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். பதினேழு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. இலத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கற்பித்தார். கூச்சம் மிக்கவர், எதிலும் திட்டம் பிசகாதவர். விடுமுறை நாட்களில் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதும், எக்காலமும் குளிர்ந்த நீரில் நீந்துவதும் இவர்க்கு உவப்பான பொழுதுபோக்குகள்.

இவ்வாறே முதுமை எய்தி, மாணவர் அன்பு சூழ ஓய்வு பெற்றிருப்பார். உலகம் இவர் பெயரை அறிந்திராது. அதனை மாற்றியது ஒரு மனச்சான்றுப் போராட்டம்.

அப்பள்ளியில் மாணவர் தங்கும் இல்லங்கள் பல இருந்தன. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஓர் ஆசிரியர் தலைவராவர். ஊதியமும் மதிப்பும் உயர்ந்த பதவி அது. மூத்த ஆசிரியராகிய பௌலருக்கு அப்பதவியை அளிக்கத் தலைமையாசிரியர் ஹார்ட் முன்வந்தார். ஆனால் இல்லத் தலைவர் தம் மாணவரைத் திடப்படுத்தல் என்னும் திருச்சபைச் சடங்குக்கு ஆயத்தம் செய்யவும் வேண்டும். பௌலரோ கிறிஸ்தவ நம்பிக்கையைத் தம் உள்ளத்திலிருந்து இழந்துவிட்டவர். தாம் நம்பாத ஒன்றை நம்புவார்போல இளைஞர்க்குப் போதிக்க அவர் மனம் இசையவில்லை. அக்கடமை ஒன்றை மட்டும் வேறொருவர் ஏற்கலாகாதா என வேண்டினார். தலைமையாசிரியர் உடன்படவில்லை. ஹார்ட்டின் நிலையையும் நாம் எளிதிற் பழிக்க இயலாது. பள்ளியின் சமய ஒழுங்கைக் காத்தல் அவர் கடமை. இருவரும் ஒருவரையொருவர் மதித்தவரே. முடிவில், 1899-இல், நாற்பத்தொன்றாம் அகவையில், வேறு வேலை எதுவும் கைவசம் இன்றியே பௌலர் பள்ளியை விட்டு வெளியேறினார்.

நம்பிக்கை இல்லாதார் ஒருவரின் வரலாற்றைக் கிறிஸ்தவக் கல்லூரி மலரில் எழுதுவது தகுமோ என்று என் நண்பர் ஒருவர் வினவினார். தகும் என்பதே என் துணிபு. வாயால் மட்டும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் பதவி, வீடு, பொருள், மதிப்பு எல்லாம் பௌலருக்குக் கிடைத்திருக்கும். அன்று பலர் அவ்வாறு சொல்லியும் இருந்தனர். நாத்தான்வேலிடத்து நம் ஆண்டவர் கண்டு வியந்த கபடின்மை திருச்சபைக்குப் புறத்தே நிற்பாரிடத்தும் காணப்படுமாயின், அதனைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் நமக்கு அழகன்று. இன்னொன்றும் உண்டு. தாம் கருதாத பொருளைத் தரும் சொல்லை ஒருபோதும் எழுதலாகாது என்று பிற்காலத்தில் ஆங்கில எழுத்தாளரையெல்லாம் வற்புறுத்திய மனிதர், தம் வாழ்விலும் அதனையே செய்துகாட்டினர். அவர் நூலையும் வாழ்வையும் பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை.

பள்ளியை விட்ட பௌலர் இலண்டனில் செல்ஸி என்னும் பகுதியில் குடியேறினார். தந்தையார் வைத்துச் சென்ற சொத்திலிருந்து ஆண்டுக்கு 120 பவுன் வந்தது. அச்சிறு தொகையைக்கொண்டு எளிமையாக வாழ்ந்து, பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். சிலவற்றைத் தம் செலவிலேயே நூலாகவும் அச்சிட்டார். அவை விலைபோகவில்லை, இன்று அவற்றைப் படிப்பாரும் அரியர். உண்மையைக் கூறின், அக்கட்டுரைகள் அவர்க்குப் புகழ் தரத்தக்கன அல்ல.

1903-இல் அவர் வாழ்வு புதுத்துறை கண்டது. ஆங்கிலக் கால்வாயில் பிரெஞ்சுக் கரையை அணுகியுள்ள கெர்ன்ஸி என்னும் சிறு தீவில் இவர் தம்பி பிரான்சிஸ் தக்காளி பயிரிட்டு வாழ்ந்துவந்தார். பிரான்சிஸ் அகவையிற் பல ஆண்டு இளையவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர், தமையனாரைவிடக் கூர்த்த நகைச்சுவையும் விரைந்த அறிவும் உடையவர் என்று தமையனாரே பின்னர்ப் போற்றியிருக்கின்றார். தம்பியை நாடி ஹென்றி அங்குச் சென்றார். கல்லாற் கட்டிய இரு சிறு வீடுகள், ஏறக்குறைய ஐம்பது கஜ இடைவெளியில், ஒன்று அண்ணனுக்கு, மற்றொன்று தம்பிக்கு. உடன் உழைப்பதற்கு அண்மையும், ஒருவரையொருவர் சலியாதிருத்தற்குச் சேய்மையும் அவ்வைம்பது கஜத்தில் இருந்தன போலும்! இருவரும் முதலில் கிரேக்கப் புலவர் லூசியனின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1905-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தார் அதனை நான்கு தொகுதிகளாக வெளியிட்டனர்.

அம்மொழிபெயர்ப்பு முடிந்தவுடன் சகோதரர் மேற்கொண்ட பணியே அவர் பெயரை நிலைநாட்டியது. அந்நாளைப் பத்திரிகைகளிலும் நூல்களிலும் காணப்பட்ட ஆங்கிலப் பிழைகளைத் தொகுத்து, வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் ஏன் பிழையாயிற்று என்று விளக்கி, 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' என்னும் நூலை 1906-இல் வெளியிட்டனர். அதற்கு முன்னர் இருந்த இலக்கண நூல்கள் பெரும்பாலும் விதியை முதலில் வகுத்து, எடுத்துக்காட்டைத் தாமே புனைந்துகொள்வன. பௌலர் சகோதரர் வழி வேறு. உண்மையில் அச்சேறிய வாக்கியங்களை, எழுதினவர் பெயரோடும் பத்திரிகையின் பெயரோடும், நூற்றுக்கணக்காக எடுத்து வைத்தனர். பெரும்பத்திரிகைகளும் பெரும்பெயர்களும் அவர் தராசுக்குத் தப்பவில்லை. படித்தவர் சிலர் சினந்தனர். பலர் தம் எழுத்தைத் தாமே ஒருமுறை திருப்பிப் பார்த்தனர்.

அந்நூலின் தொடக்கத்திலேயே சொற்றேர்வுக்கு ஐந்து வழிகாட்டிகள் வகுக்கப்பட்டுள்ளன. வலிந்து தேடிய சொல்லைவிடப் பழகிய சொல்லும், அருவப்பொருட் சொல்லைவிடப் பருப்பொருட் சொல்லும், பல சொற்களாற் சுற்றிச் சொல்வதைவிட ஒரு சொல்லும், நெடிய சொல்லைவிடக் குறிய சொல்லும், இலத்தீன் வழிவந்த சொல்லைவிடப் பழைய சாக்ஸன் சொல்லும் விரும்பத்தக்கன என்பது அவற்றின் கருத்து. இறுதியாகக் கூறிய ஒன்றைக் கேட்டதும், தனித்தமிழ் பற்றிய வழக்கு நம் மாணவர்க்கு நினைவு வரலாம். ஆனால் பௌலர் அதனை ஐந்தனுள் கடைசியிலேயே வைத்தார். பிற்காலத்தில் சாக்ஸன் சொல் மட்டுமே கொள்வோம் என்று பிடிவாதம் பிடித்தாரை அவரே நகையாடினார். பழகிய சொல் என்பதே அவர்க்கு முதல் அளவுகோல். பிறப்புப் பின்னரே வரும்.

'ஷல்', 'வில்' என்னும் இரண்டற்கும் அந்நூலில் பல பக்கங்கள் செலவிடப்பட்டன. தன்மையில் வெறும் எதிர்காலம் உணர்த்த 'ஷல்', மனத்துணிவு உணர்த்த 'வில்'. முன்னிலையிலும் படர்க்கையிலும் இம்முறை மாறும். இவ்வளவோடு நில்லாது வினா, பிறர்கூற்று, சார்பு வாக்கியம் எனக் கிளைத்துக் கிளைத்துச் செல்கின்றது. தென்னிங்கிலாந்தில் பிறந்தார்க்கு இது தானே வரும், பிறர்க்குக் கற்பித்தாலும் வருதல் அரிது என்பது சகோதரர் கொள்கை. ஈண்டு யான் அவரோடு உடன்படேன். ஸ்காட்லாந்தினர், அயர்லாந்தினர், அமெரிக்கர் ஆகிய கோடிக்கணக்கானோர் வேறு வகையாகப் பேசினர் எனின், அது அவர் குறையோ, விதியின் குறையோ? காலமும் அவ்விதிக்கு இரங்கவில்லை. பேச்சு வழக்கில் 'ஷல்' நாளடைவில் அருகி, இங்கிலாந்திலேயே இன்று பெரும்பாலும் வினாக்களிலும் சட்டம் முதலியவற்றிலும் ஒதுங்கிவிட்டது. தேர்வுக்காக அவ்விதியை நெட்டுருச் செய்து இரவு விழித்த நம் முன்னோரை எண்ணி இரங்குவதன்றி வேறென் செய்வது!

1908-ஆம் ஆண்டு, தம் ஐம்பதாம் பிறந்தநாளில், ஜெஸ்ஸி மேரியன் வில்ஸ் என்னும் அம்மையாரைப் பௌலர் மணந்தார். அவர் கெர்ன்ஸியில் நோயாளர் இல்லம் ஒன்றை நடத்திவந்த செவிலியர். கணவரோ ஒடுங்கிய இயல்பினர், மனைவியோ கலகலப்பானவர். இல்லறம் இனிதே நடந்தது.

அதற்குள் ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் சகோதரரிடம் மற்றொரு பணியை ஒப்புவித்திருந்தனர். அவர்தம் பேரகராதி அப்பொழுது பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. அது முற்றுப்பெற்றது 1928-இல்தான். அப்பெருங்கடலிலிருந்து வீட்டில் வைத்தாளும் அளவில் ஒரு சிற்றகராதி எடுக்கவேண்டும். அகராதித் தொழிலில் முன்பயிற்சி இல்லாத இருவர், நூல்நிலையம் சூழாத ஒரு தீவில் இருந்துகொண்டு, அதனைச் செய்துமுடித்தனர். பேரகராதி இன்னும் எட்டாத இறுதி எழுத்துக்களுக்குத் தாமே வழி காணவேண்டியிருந்தது. 1911-இல் வெளிவந்த 'கன்சைஸ் ஆக்ஸ்போர்டு டிக்ஷனரி' அதுவே. நம் நூல்நிலையங்களில் அட்டை தேய்ந்து கிடக்கும் அகராதியின் முதற்பதிப்பு இவ்வாறு பிறந்தது என்பதை அதனைப் புரட்டுவார் எத்துணையர் அறிவர்?

1914-இல் பெரும்போர் மூண்டது. இளைஞரெல்லாம் படையிற் சேரவேண்டும் என்று ஊர்தோறும் முழக்கம் எழுந்தது. பிறரைப் போருக்குச் செல்லுமாறு தூண்டிவிட்டுத் தாம் வீட்டில் அமர்ந்திருப்பது பௌலருக்கு முறையாகத் தோன்றவில்லை. 1915-இல் அவர்க்கு அகவை ஐம்பத்தேழு. நாற்பத்துநான்கு என்று கூறிப் படையிற் சேர்ந்துவிட்டார்! தம்பியும் உடன் சேர்ந்தார். நம்பாததைச் சொல்லமாட்டேன் என்று பதவியை உதறினவர், அகவையில் பதின்மூன்று ஆண்டுகளை மறைத்த இம்முரணை யான் மூடி மறைக்க விரும்பவில்லை. தமக்கு ஊதியம் தேடிச் சொல்லும் பொய்யும், தம் உயிரை இடருக்கு உட்படுத்தச் சொல்லும் பொய்யும் ஒன்றாகா என்பார் உளர். பொய் பொய்யே என்பாரும் உளர். படிப்பவர் தாமே முடிவு செய்க.

அவ்வாண்டின் இறுதியில் சகோதரர் இருவரும் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் போர்முனையில் நிற்க வந்தவர்க்குக் கிடைத்தது பாத்திரம் கழுவுதலும், கரி சுமத்தலும், சுமை இறக்குதலுமே. முதியவர் என்பது தெரிந்துவிட்டது. போரிடுவதற்கென்றே தாம் வந்ததாகவும், இவ்வாறு நடத்துதல் முறையன்று என்றும் சகோதரர் மேலதிகாரிக்கு முறையீடு எழுதினர். பயன் பெரிதும் விளையவில்லை. பௌலரின் உடல் தளர்ந்தது. அணிவகுப்பில் மயங்கி விழுந்தார். 1916-இல் திருப்பி அனுப்பப்பட்டார். தம்பிக்கு நேர்ந்ததோ மீளாத் துயர். படையிலிருந்தபொழுது பற்றிய காசநோய் பிரான்சிஸை 1918-இல், நாற்பத்தேழாம் அகவையில், கொண்டுசென்றது.

இருவர் இருந்து செய்த பணியை ஒருவர் தொடர்ந்தார். இருவரும் சேர்ந்து தொடங்கிய 'பாக்கெட் ஆக்ஸ்போர்டு டிக்ஷனரி' 1924-இல் வெளிவந்தது. அதனினும் பெரிதாக, போருக்கு முன்னரே இருவரும் சேர்ந்து திட்டமிட்ட வழக்குச்சொல் அகராதி ஒன்று இருந்தது. பல ஆண்டு தனித்து உழைத்து, 1926-இல் அதனை முடித்து, 'எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' என்று பெயரிட்டு, இறந்த தம்பிக்கே அதனைப் படைத்தார். உலகம் சுருக்கமாகப் 'பௌலர்' என்று வழங்குவது இந்நூலையே.

அகரவரிசையில் அமைந்த நூலாயினும் அகராதிபோல் அதனைப் படித்தல் இயலாது. ஒரு சொல்லைத் தேடிப் புகுந்தவர் ஒரு மணிநேரம் கழித்து வேறெங்கோ சிரித்துக்கொண்டிருப்பார். பௌலர் பிழைகளைக் கடிந்தார் என்பதே பலரும் அறிந்தது. பிழையல்லாதவற்றைப் பிழை என்று கூறிய போலி இலக்கணிகளை அவர் அதனினும் மிகுதியாகக் கடிந்தார் என்பதைப் பலர் அறியார். வாக்கியத்தின் இறுதியில் 'ப்ரிபொசிஷன்' வரலாகாது என்று நமக்குக் கற்பிப்பார் உண்டன்றோ? அது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளினார். 'டிஃபரண்ட்' என்பதன் பின் 'டு' வருதல் குற்றம் என்பதையும் அவ்வாறே ஒதுக்கினார். 'நன்' என்னும் சொல்லுக்கு ஒருமை வினையே வரவேண்டும் என்பதும் தவறு, பன்மையும் வரலாம் என்றார். மேலே யான் குறித்த மாணவர் அச்சங்களுட் சில இவ்வாறு ஒரு வரியில் தீர்ந்துவிடுகின்றன.

'டு' என்னும் இடைச்சொல்லுக்கும் வினைக்கும் நடுவில் வேறொரு சொல்லைச் செருகுதல், 'டு கிளியர்லி சீ' என்றாற்போல்வது, பெருங்குற்றம் என்று நெடுநாள் கருதப்பட்டது. பௌலர் இதனை அணுகிய முறை சுவையானது. ஆங்கிலம் பேசுவாரை ஐந்து கூட்டமாகப் பகுத்தார்: அப்படி ஒரு பிழை உண்டென்று அறியாமலும் கவலைப்படாமலும் இருப்போர், அறியாமலே அஞ்சுவோர், அறிந்து வெறுப்போர், அறிந்து விரும்புவோர், அறிந்து இடம்நோக்கிப் பகுத்துணர்வோர். முதற் கூட்டத்தாரே பெரும்பாலார், அவரே இன்பமாக வாழ்வார் என்றும் நகைத்தார். தம் முடிவாகக் கூறியது இது: பிளவு விரும்பத்தக்கதன்று, ஆயினும் பொருள் மயங்குதலும், பிளவுக்கு அஞ்சி வாக்கியத்தை முறுக்குதலும் அதனினும் தீயன. நம் இலக்கணத்தார் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்று மூன்றாவதொன்றும் வகுத்தனர். பௌலர் நன்னூலை அறியார். எனினும் அவர் நூலிற் பாதி வழுவமைதி கூறுவதே என்பேன்.

அவர் கடிந்த பிழைகளுள் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கது பற்றுக்கோடில்லாத எச்சம். 'வாக்கிங் அலாங் தி ரோட், எ ஸ்னேக் பிட் ஹிம்' என்று ஒருவர் எழுதினால், சாலையில் நடந்தது யார்? சொல்லின்படி பாம்பே நடந்தது! 'சாலையில் நடந்து சென்று பாம்பு அவனைக் கடித்தது' என்று தமிழில் எழுதினால் சிறுவரும் சிரிப்பர். 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியவேண்டும் என்று தொல்காப்பியனார் காலமுதல் நமக்கு விதி உண்டு. இங்கிலாந்தின் பெரும்பத்திரிகைகள் அப்பிழையை நாள்தோறும் செய்தன என்பதைப் பௌலர் எடுத்துக்காட்டினார்.

மற்றொன்று, ஒரு சொல்லை மீண்டும் சொல்ல அஞ்சி, அழகு என்று எண்ணிச் சொல்லை மாற்றிக்கொண்டே போதல். இதற்குப் பௌலர் இட்ட பெயரை 'நயமாறாட்டம்' எனத் தமிழிற் கூறலாம். அரசன் வந்தான், வேந்தன் அமர்ந்தான், கோமகன் பேசினான் என்று எழுதினால், படிப்பவன் அவையில் மூவர் இருந்தனரோ என்று மயங்குவான். கூறியது கூறல் குற்றம் என்று நன்னூலார் சொன்னது பொருளைப்பற்றி. சொல்லைப்பற்றியதாகக் கொண்டு மயங்குவார் நம் வகுப்புக்களிலும் உளர். சொல் மீண்டும் வருதலை ஓர் அணியாகவே கொண்ட மொழி நம்முடையது என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

வியர்வைக்கும் நாற்றத்துக்கும் எளிய சாக்ஸன் சொல் இருக்க, அவை பாமரர் வாயில் வழங்குவன என்று ஒதுக்கிவிட்டு 'பெர்ஸ்பைர்', 'ஓடர்' என்று இலத்தீன் சொற்களைப் பூசிக்கொள்ளும் போலி நாகரிகத்தையும் அவர் நகையாடினார். நாம் இடக்கரடக்கல் என்பது அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுவது. அதற்குத் தேவை உண்டு. கூறத்தக்கதையே கூச்சப்பட்டு மறைப்பதற்கு என்ன பெயர் இடுவது? நம் திருமண அழைப்புக்களைப் படிப்பவர் இவ்வினாவை விளங்கிக்கொள்வர்.

அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று சொல்வதற்கில்லை. 'தட்', 'விச்' என்னும் இரண்டுக்கும் தனித்தனி வேலை வகுத்தால் நலமாகும் என்றார். சிறந்த எழுத்தாளர் அவ்வாறு எழுதுவதில்லை என்பதையும் தாமே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர் பலர் அதனை ஏற்றனர். இங்கிலாந்தோ பெரிதும் பொருட்படுத்தவில்லை. வினைப்பெயர்க்கு முன் வரும் பெயர் வேற்றுமை உருபு ஏலாது நிற்பதைப் பௌலர் கொடுங்குற்றமாகக் கருதியபொழுது, டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் ஜெஸ்பர்சன் மறுத்து எழுதினார். பழைய ஆசிரியர் நூல்களிலிருந்தெல்லாம் மேற்கோள் காட்டி, வழக்கு உண்டு என்று நாட்டினார். வழக்கு உண்டு என்பதனால் நன்றாகிவிடுமோ என்று பௌலர் விடையிறுத்தார். மொழி எப்படி இருக்கின்றது என்பது ஒருவர் கேள்வி. எப்படி இருந்தால் நன்று என்பது மற்றவர் கேள்வி. அயல்நாட்டார் ஒருவர் ஆங்கிலேயருக்கு ஆங்கில வழக்கைக் கற்பித்த இவ்வாதத்தில், சான்றின் வலிமை ஜெஸ்பர்சன் பக்கமே என்று எனக்குத் தோன்றுகின்றது.

நூலின் செல்வாக்கு ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் குன்றவில்லை. 1944-இல், நார்மண்டிப் படையெடுப்புக்கு ஆயத்தம் நடந்த நாட்களில், முதல் மந்திரி சர்ச்சில் தமக்கு வந்த குறிப்பொன்றில் 'இன்டென்ஸ்' என்பதற்கு மாறாக 'இன்டென்ஸிவ்' என்று எழுதியிருத்தலைக் கண்டு, பௌலரைப் படிக்குமாறு படைத்துறை அதிகாரிக்கு எழுதியனுப்பினாராம். 1965-இல் சர் எர்னஸ்ட் கவர்ஸ் அந்நூலை அடக்கமாகத் திருத்தினார். 1996-இல் பர்ச்ஃபீல்டு ஏறக்குறைய முற்றும் புதுக்கியெழுதியபொழுது, பழைய பௌலரின் குரல் போயிற்றே என்று படித்தவர் பலர் குறைப்பட்டுக்கொண்டனர். 2009-இல் ஆக்ஸ்போர்டு அச்சகத்தாரே 1926-ஆம் ஆண்டு மூலத்தை மீண்டும் வெளியிட்டனர். விதிகளுட் பல வழக்கிறந்தும் அந்நூல் வாழ்கின்றதெனின், மக்கள் நாடுவது விதியை மட்டும் அன்று என்பது தெளிவு.

1925-இல் பௌலரும் மனைவியாரும் கெர்ன்ஸியை விட்டு, சாமர்செட் மாநிலத்தில் ஹிண்டன் செயிண்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரிற் குடியேறினர். அகவை முதிர்ந்துவிட்டமையால் வீட்டுவேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுமாறும், செலவைத் தாமே தருவதாகவும் அச்சகத்தார் சொல்லியனுப்பினர். அறுபத்தெட்டு அகவையினரான பௌலர் எழுதிய மறுமொழி புகழ்பெற்றது. அன்று காலை இரண்டு மைல் ஓடியதையும், அண்டை வீட்டார் குளத்தில் நீந்தியதையும் குறிப்பிட்டு, முப்பது ஆண்டாக வேலையாள் இன்மையாலேயே தமக்கு இவ்வலிமை நிலைத்திருக்கின்றது என்றும், வேலையாள் வந்தால் தாம் நாற்காலியில் முடங்கிவிட நேரும் என்றும் தெரிவித்துவிட்டார்.

1929-இல் 'கன்சைஸ்' அகராதியின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார். மறு ஆண்டில் மனைவியார் புற்றுநோயால் இறந்தனர். அவர்பொருட்டு எழுதிய செய்யுட்களைத் தொகுத்து 1931-இல் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். பிறர் வாக்கியங்களைக் கண்டிப்போடு எடைபோட்டவர் தம் துயரைச் செய்யுளாக்கித் தாமே உலகின் முன் வைத்தனர். அச்செய்யுட்கள் உயர்ந்த கவிதை அல்ல என்பதை அவர் அறியாதிருந்திருப்பார் என்று யான் நம்பவில்லை.

அதன் பின்னும் உழைப்பை விடவில்லை. முந்திய இரண்டையும்விடப் பெரியதோர் அகராதியைத் தொடங்கி நடத்திவந்தார். அது முற்றுப்பெறும் முன்னரே, 1933-ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாளாகிய டிசம்பர் 26-ஆம் தேதி, எழுபத்தைந்தாம் அகவையில், ஹிண்டன் செயிண்ட் ஜார்ஜில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார்.